நெதர்லாந்து விருந்தின் அடைத்த முட்டை: கறிப்பொடியா, கடுகா, சால்மனா, இறாலா?

நெதர்லாந்தில் ஒரு வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனால், பெரும்பாலும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். உள்ளே வருகிறவர் பிறந்தநாள் கொண்டாடுபவருக்கு மட்டுமல்ல, உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் தன் நாற்காலிக்குப் போவார். முதலில் காபியும் கேக்கும் வரும். அப்புறம் பியரோ வைனோ வரும்போது கூடவே தட்டுகளும் கைமாறத் தொடங்கும்: சதுரமாக வெட்டிய கௌடா சீஸ், தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது, வட்ட வட்டமான தொத்திறைச்சி, புளிப்பு வெள்ளரிக்காயைச் சுற்றிய ஹாம், அவற்றோடு கெவுல்டே எய்யரன் எனப்படும் அடைத்த முட்டை. ஈஸ்டர் காலை மேசையிலும் இந்த முட்டைக்கு இடம் உண்டு.

அடிப்படைச் செய்முறை எல்லோருக்கும் ஒன்றுதான். முட்டையை முழுதாக வேகவைத்து, இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸோடு மசித்து, மறுபடி வெள்ளைக் கருவின் குழியில் நிரப்புவது. மஞ்சள் கருவோடு வேறு எதைச் சேர்ப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு. கறிப்பொடி, கடுகு, புகையூட்டிய சால்மன், வடகடல் இறால் என்று நான்கு வகை அடிக்கடி எதிர்ப்படுகின்றன. நான்கையும் வெறும் சுவையை வைத்து வரிசைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அந்த வட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் கோப்பை, மடியில் தட்டு கிடையாது, பக்கத்தில் இருப்பவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் கையில் போகிற முட்டை இரண்டு கடியில் முடிய வேண்டும், சட்டையில் விழக்கூடாது, ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலும் தண்ணீர் விடக்கூடாது. இந்தச் சோதனையில் எது தேறுகிறது என்பதுதான் என் கேள்வி.

கறிப்பொடி போட்டது

பல டச்சு வீடுகளில் பழகிய வகை இது. அங்கே கடையில் 'கெரி' என்று விற்கிற பொடியில் மஞ்சள், மல்லி, வெந்தயம், சீரகம், இஞ்சி எல்லாம் இருக்கும். காரம் மிகக் குறைவு. நம் வீட்டு மசாலாத்தூளின் அழுத்தத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சளும் வெந்தயமும்தான் முன்னே நிற்கும். ஆனால் முட்டைக்கு அந்த மென்மை நன்றாகப் பொருந்துகிறது. மசாலாவின் வாசனைப் பொருட்கள் பலவும் கொழுப்பில் கரைபவை. மஞ்சள் கருவிலும் மயோனைஸிலும் கொழுப்புக்குக் குறைவே இல்லை. அதனால் காலையில் கலந்து குளிர்பெட்டியில் வைத்த கலவை மாலையில் இன்னும் மணமாக இருக்கும். மற்ற மூன்று வகைகளுக்கும் இந்தக் குணம் இல்லை, காத்திருந்தால் அவை இளைத்துத்தான் போகும். உலர்ந்த பொடி கொஞ்சம் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் கலவை கெட்டியாக நிற்கும். நிறம் வேறு கூடுகிறது. வெளிறிய மஞ்சள் கருகூடப் பளிச்சென்று ஆகிவிடும்.

இதில் ஒரே ஒரு குறை உண்டு. பெரும்பாலான சமையல் குறிப்புகள் பொடியை அப்படியே மயோனைஸில் கலக்கச் சொல்கின்றன. பச்சைப் பொடியின் வாசனை நாக்கில் நிற்கும், வெந்தயம் கசப்பையும் காட்டும். அதற்கு வழி, அரை மேசைக்கரண்டி வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, பொடியைப் போட்டு, வாசனை எழும்பியதும் இறக்கிவிடுவது. கருக விடக்கூடாது, அரை நிமிடமே அதிகம். ஆறியபின் கலந்தால் பச்சை வாசனை போயிருக்கும். வெண்ணெய் குளிரில் இறுகுவதால் நிரப்பியதும் இன்னும் உறுதியாக நிற்கும். ஆறு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, முக்கால் தேக்கரண்டி கறிப்பொடி, உப்பு, மிளகு. இதற்குமேல் பொடி ஏறினால் முட்டையின் சுவை தெரியாது. காரம் வேண்டுமென்றால் இந்தோனேசியாவிலிருந்து டச்சு அடுக்களைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சம்பல் ஊலக் என்ற மிளகாய் விழுதைத் துளி சேர்க்கலாம். மிளகாய்த்தூளைவிட அது நன்றாகக் கலக்கிறது.

கடுகு போட்டது

வட நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதிக் கடுகு விழுது கரகரப்பானது, விதைகள் பாதி உடைந்தும் பாதி முழுதாகவும் இருக்கும். அதை ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, சைவ்ஸ் என்ற மெல்லிய வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கித் தூவினால் சுவையில் கறிப்பொடிக்கு நெருக்கமான போட்டி கிடைக்கும். சாப்பிட்டதும் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்காமல் கடுகின் வினிகர் அறுத்துவிடுகிறது. பியர் குடிப்பவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது. மசாலா வாசனையே வேண்டாம் என்கிறவர்களுக்கும் இதுவே சரி.

இதைச் செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விழுதிலேயே ஈரம் இருப்பதால் மயோனைஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடுகு விதைகள் க்ரீம் பிழியும் பையின் நுனியில் அடைத்துக்கொள்ளும், அதனால் கரண்டியால்தான் நிரப்ப வேண்டும். சைவ்ஸை முன்னாடியே கலந்துவிட்டால் வெங்காய வாடை நேரம் ஆக ஆக ஏறும். பரிமாறும்போது தூவினால் போதும்.

சால்மனும் இறாலும்

தனியாக உட்கார்ந்து, முள்கரண்டியோடு சாப்பிட்டால் புகைச் சால்மனுக்கு முதல் இடம் கொடுப்பேன். டில் கீரையும் எலுமிச்சைத் துளியும் சேர்ந்தால் அருமை. ஆனால் கையில் எடுத்தால் கதை மாறுகிறது. மேலே சுருட்டி வைத்த சால்மன் பல்லில் அறுபடாது, முழுத் துண்டும் இழுத்துக்கொண்டு வர, கீழே இருக்கும் கலவையும் கூடவே வரும். நறுக்கி உள்ளே கலந்தால் இந்தச் சிக்கல் தீரும். அப்போது நிறம் மங்கிவிடும், உப்பும் எங்கும் பரவும். தனியாக உப்பே போடக்கூடாது. மயோனைஸுக்குப் பதிலாக க்ரெம் ஃப்ரெஷ் என்ற புளித்த க்ரீமைச் சேர்ப்பவர்களும் உண்டு. சுவை லேசாகும், கலவையும் இளகும். விலையும் கறிப்பொடி, கடுகு வகைகளைவிடக் கூடுதல்.

வடகடலின் சாம்பல் நிறக் குட்டி இறால் டச்சுக்காரர்களின் பெருமை. பிடித்த படகிலேயே வேகவைத்துவிடுவார்கள். அதில் பெரும்பங்கு தோல் உரிக்க மொராக்கோ வரை போய்த் திரும்புகிறது. உப்பும் இனிப்பும் கலந்த அந்தச் சுவை மயோனைஸுக்கு அடியில் புதைந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மேலே குவித்து வைத்தாலோ ஒவ்வொன்றாக உருண்டு விழும், ஈரமும் விடும். சாலட் இலையில் வைத்து, கொஞ்சம் விஸ்கி சேர்த்த காக்டெயில் சாஸோடு மேசையில் பரிமாறுங்கள். கைத்தட்டுக்கு இது ஆகாது.

எந்த மயோனைஸ்?

டச்சுக் கடையில் மயோனைஸுக்குப் பக்கத்திலேயே, உருளைக்கிழங்கு வறுவலுக்கான 'ஃப்ரீட்சாஸ்' புட்டி இருக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. மயோனைஸில் கொழுப்பு மிக அதிகம். ஃப்ரீட்சாஸில் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான், இனிப்பும் தூக்கல். அதைப் போட்டால் கலவை தளர்ந்து, குழியை விட்டு வழியும். வீட்டில் அடித்த மயோனைஸ் சுவையில் உயர்ந்தது, ஆனால் அதில் பச்சை முட்டை இருக்கிறது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் வரும் விருந்தில், அறை வெப்பத்தில் வைக்கப்போகும் தட்டுக்குக் கடை மயோனைஸே பாதுகாப்பு. எப்படி இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம். பாதியைக் குளிரிலேயே வைத்து, இரண்டாம் சுற்றாக எடுத்து வாருங்கள்.

முட்டையும் வெட்டும்

அன்றைக்கு இட்ட முட்டை இதற்கு வேண்டாம். புது முட்டையின் வெள்ளைக் கருவில் கரியமில வாயு அதிகம் இருக்கும், அதனால் உள்தோலோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது பிய்ந்துவரும். ஒரு வாரம் பத்து நாள் ஆனது சுத்தமாக உரியும். ஐரோப்பிய அளவில் 'எம்' (M) என்று குறித்த முட்டை, அதாவது 53 முதல் 63 கிராம் வரை உள்ளது, இரண்டு கடிக்குச் சரியானது. அடுத்த அளவான 'எல்' (L) பெரிதாகிவிடும். முந்தின இரவு பக்கவாட்டில் படுக்க வைத்தால் மஞ்சள் கரு நடுவுக்கு வந்து, வெள்ளைச் சுவர் ஒரே தடிமனாகக் கிடைக்கும். கொதிக்கும் நீரில் இறக்கிப் பத்து நிமிடம், உடனே குளிர்ந்த நீர். அதிகம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும். அது இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது, கெடுதல் இல்லை, ஆனாலும் கலவையின் நிறத்தை மங்கவைக்கும்.

வெட்டுவதிலும் இரண்டு கட்சி. குறுக்கே வெட்டினால் ஆழமான கிண்ணம் கிடைக்கும், தட்டில் கம்பீரமாக நிற்கும். ஆனால் வாயை அகலத் திறக்க வேண்டும். நீளவாக்கில் வெட்டியது கையில் நன்றாக அமர்கிறது, நுனியிலிருந்து கடிக்கலாம். நான் நீளவாக்கையே சொல்வேன். அடியில் மெல்லிய சீவல் ஒன்று எடுத்துவிட்டால் தட்டில் வழுக்காது.

பன்னிரண்டு முட்டை செய்தால் எட்டைக் கறிப்பொடிக்கும் நான்கைக் கடுகுக்கும் ஒதுக்குங்கள். கறிப்பொடி முட்டைக்குமேல் ஒரு பார்ஸ்லி இலை, கடுகு முட்டைக்குமேல் சைவ்ஸோடு துளி பப்ரிகா தூள். தட்டு கைமாறும்போது எது எது என்று கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.