ஹெர்குலிஸா, இங்கிலாந்து ராலேயா, பிரெஞ்சு பெஜோவா? கடலோரத்தில் பழைய சைக்கிள் வாங்கும் முன்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய சைக்கிள் வாங்கிச் சீர்செய்து ஓட்ட நினைப்பவருக்கு மூன்று வகை வண்டிகள் கிடைக்கும். முதலாவது, நம் நாட்டில் செய்த 28 இன்ச் கறுப்பு சைக்கிள்: ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ, ஆசன்சோலில் செய்த சென்-ராலே. இரண்டாவது, இங்கிலாந்திலிருந்தே வந்த ராலே, ஹம்பர் போன்றவை. மூன்றாவது புதுச்சேரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தட்டுப்படுகிற பிரெஞ்சு வண்டிகள், முக்கியமாகப் பெஜோ. சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், பிரான்சிலிருந்து கொண்டுவந்தது, ஆரோவில்லில் தங்கியிருந்தவர்கள் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது என்று இவை வீட்டுக் கொல்லைகளில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

மூன்றையும் பார்த்துவிட்டு நான் எடுத்தது ஹெர்குலிஸ். இரண்டாவதாக வாங்கியதும் ஹெர்குலிஸ்தான். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகு, எடை, வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகில் இங்கிலாந்து ராலேயை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேகத்தில் பெஜோ. எடையில் நம் ஊர் வண்டி தோற்றுப்போகும், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 20 கிலோ பக்கம் வரும். ஆனால் இந்தக் கடற்கரையில் ஒரு பழைய வண்டி நம்மிடம் நிலைக்குமா என்பதை இவை எதுவும் தீர்மானிப்பதில்லை. உதிரிச் சாமான் கிடைக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. காரணம் உப்புக் காற்று.

சைக்கிளில் பளபளக்கும் குரோம் பூச்சு மிக மெல்லியது. அதற்கு அடியில் இருக்கும் நிக்கல் பூச்சுதான் இரும்பை உண்மையில் காக்கிறது. எங்காவது ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், உப்பு ஈரம் அதன் வழியாக இறங்கி அடியிலிருந்து துருவைக் கிளப்பிவிடும். மேலே மினுமினுப்பு அப்படியே இருக்க, உள்ளே ரிம் மெலிந்துகொண்டிருக்கும். கடலை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வாசலில் நிறுத்துகிற வண்டிக்கும், கடலிலிருந்து தள்ளியிருக்கும் பண்ருட்டியில் நிறுத்துகிற வண்டிக்கும் இதில் பெரிய வித்தியாசம் தெரியும். ரிம், போக்ஸ் கம்பி, செயின், பிரேக் கம்பி, நட்டு போல்ட்டு எல்லாம் இங்கே அரிசி பருப்பு மாதிரி, தீரத் தீர வாங்க வேண்டியவை. எவ்வளவு கவனமாக எண்ணெய் போட்டாலும் கொஞ்சம் தள்ளிப்போடலாமே தவிரத் தவிர்க்க முடியாது.

அப்படியிருக்கும்போது, தெருமுனைக் கடையில் சாமான் கிடைக்கிற வண்டிக்கும், வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய வண்டிக்கும் உள்ள தூரம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். வாங்கும் நாளில் இது தெரியாது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் தெரியும்.

ஹெர்குலிஸ் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய நிறுவனம் அது. பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகியவையும் அங்கிருந்தே வந்தன. அட்லஸ் 1951-இல் சோனிபட்டில் தொடங்கியது, ஹீரோ 1956-இல் லூதியானாவில். ஆலைகள் வேறு வேறு என்றாலும் எல்லோரும் பின்பற்றியது ஒரே பழைய ஆங்கிலேய அச்சைத்தான்: 28 × 1½ டயர், கம்பி பிரேக், முன்சக்கரத்தில் 32 போக்ஸ், பின்சக்கரத்தில் 40, காட்டர் பின் என்ற ஆப்பு போட்டு இறுக்கிய கிராங்க் (பெடலைத் தாங்கும் கை). அதனால் ஒன்றின் பெரும்பாலான சாமான் இன்னொன்றில் உட்காரும். 2020 ஜூன் 3 அன்று அட்லஸின் சாகிபாபாத் ஆலை நின்றது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம் வேறு. ஆனாலும் ஓர் அட்லஸ் வைத்திருப்பவர் இன்றுவரை ரிம்முக்கும் பிரேக் கம்பிக்கும் திண்டாட வேண்டியதில்லை. லூதியானா சாமான் அதில் பொருந்திவிடுகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகப் போகிற கடை அண்ணன் ஒருமுறை என் வண்டியின் பின்சக்கரத்தைப் பெண்டு எடுத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்த வண்டிக்கு என்கிட்ட இல்லாத சாமானே கிடையாது. இல்லேன்னாலும் நாளைக்கு வந்துடும்." இந்த அலசலில் நான் சொல்ல வருவது முழுக்க அவர் சொன்ன அந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது. 28 இன்ச் டயர் ஒன்று 300, 400 ரூபாய்க்குள் முடிகிறது. காட்டர் பின், பால்ஸ், கோன், வால்டியூப் எல்லாம் சில்லறைக் காசு. நெல்லிக்குப்பத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைப்பக்குவமும் ஒரு உதிரிச் சாமான்தான்.

இவை எங்கே கிடைக்கும்? சர்க்கரை ஆலை, பஞ்சாலை, நெய்வேலி சுரங்கம் என்று ஷிப்டு வேலைக்கு சைக்கிளில் போன தலைமுறையின் வீடுகளில். காயலான் கடைகளிலும் வரும். விலைக்கு ஓர் அடித்தளம் உண்டு: பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 20 கிலோ வண்டிக்கு 600. அதற்குக் கீழே கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் ஆயிரத்துக்கு மேல் இரண்டாயிரம் வரை கொடுக்கலாம். நகராட்சி சைக்கிள் வரிக்குக் கொடுத்த வில்லை முன்பக்கம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பேன், அது என் ஆசை. யாரிடம் வாங்கினாலும் பிரேம் எண்ணைக் குறித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருட்டு வண்டித் தொல்லை வேண்டாம். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் முழு வண்டியைவிடப் பழைய ஸ்பேனர், மணி, டைனமோ தேடுவது பலன் தரும்.

வாங்கும் முன் சீட்டுக் கம்பியை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் நிறைய. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. அப்படி நனைந்தவை வெளியே துடைத்து விற்பனைக்கு வருகின்றன. தண்ணீர் பிரேம் குழாய்க்குள் இறங்கி, கிராங்கின் ஆக்சில் சுழலும் பி.பி. பெட்டியில் (பாட்டம் பிராக்கெட்) தேங்கும். பெடலைக் கழற்றாமலேயே கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, பிறகு மெதுவாகச் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருக்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். அப்படி அரைபட்டாலும் நம் ஊர் வண்டியாக இருந்தால் பயமில்லை, ஆக்சில், கப்பு, கால் இன்ச் பால்ஸ் எல்லாம் புதிதாகப் போட்டுவிடலாம். பிரேமே ஓட்டையாகியிருந்தால்தான் விட்டுவிட வேண்டும்.

வேலை என்று பார்த்தால், முழு ஓவராயில்தான் முதல் வேலை. காட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ஸ் ஓடும் பாதையில் போய் இறங்கிக் குழி விழும். துருப்பிடித்த சின்னச் சாமான்களை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரில் ஓர் இரவு போட்டால் துரு கரைந்து வரும். எடுத்தவுடன் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே புதுத் துரு படரும். பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். பழைய கறுப்பும் தங்கக் கோடும் பாதி இருந்தால்கூட அதை மெழுகு தேய்த்துக் காப்பாற்றுவது நல்லது. குழாய்க்கு உள்ளே எண்ணெய் ஊற்றி வண்டியைத் தலைகீழாகக் கொஞ்ச நேரம் நிறுத்துவதை மட்டும் இந்த ஊரில் யாரும் தவிர்க்கக் கூடாது.

இனி இங்கிலாந்து ராலே. நாட்டிங்ஹாமில் செய்தது, முன்பக்க முத்திரையில் நாரைத் தலை இருக்கும். பின்சக்கரத்தின் நடுவே, ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பு வைத்தவை பல. அந்த ஹப்பின் மேலேயே வருடமும் மாதமும் அடித்திருப்பார்கள், 62-உம் 8-உம் இருந்தால் 1962 ஆகஸ்ட். சக்கரத்தை மாற்றியிருக்கவில்லை என்றால் வண்டியின் வயதைச் சொல்ல இதைவிட நம்பகமான இடம் இல்லை. கூடவே பிரூக்ஸ் தோல் சீட்டு நல்ல நிலையில் இருந்தால் அது மட்டுமே ஒரு நம் ஊர் வண்டியின் விலை பெறும்.

ஆனால் சாமான்? ராலே தன் வண்டிகளின் பி.பி. கப்புக்கு இஞ்சுக்கு 26 மரை என்று தனி அளவு வைத்துக்கொண்டது, மற்ற ஆங்கிலேய வண்டிகள் பெரும்பாலும் 24 மரை. கப்பு நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் கழுவி கிரீஸ் போட்டு மூடிவிடுவதே புத்திசாலித்தனம். கியர் ஹப்பின் உள்பாகங்கள் இங்கே எந்தக் கடையிலும் தொங்காது. நல்ல வேளையாக அந்த ஹப்பு லேசில் கெடாது, எண்ணெய் மூடியில் மாதம் சில சொட்டு விட்டால் போதும். கடல்காற்று எதிரே அடிக்கும் பிற்பகலில் முதல் கியர் நேர்கியரைவிட (நடுக் கியர்) கால்வாசி இலகுவாக இருப்பது பெரிய சுகம். ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஹப்பை நான் பிரித்ததில்லை, அதனால் பழுது பார்ப்பது பற்றி இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை. விலையும் ஒரு தடை. ராலே என்றதும் விற்பவர் ஐந்து மடங்கு சொல்வார், சேகரிப்பவர்கள் கொடுக்கவும் செய்கிறார்கள். மறுவிற்பனைதான் நோக்கம் என்றால் மூன்றில் இதுதான் சரி.

பெஜோவில் என் அனுபவம் ஒரே ஒரு வண்டியோடு நிற்கிறது. முத்தியால்பேட்டையில் இருக்கும் நண்பருடையது. ஓட்டுவதற்கு அவ்வளவு இதமான சைக்கிளை நான் தொட்டதில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு மிதி மிதித்தால் நான்கு மிதிக்கு ஓடும். டயர் கூடப் பெரிய பிரச்சினை இல்லை: 700சி சக்கரமாக இருந்தால் இப்போதைய ஹைபிரிட் சைக்கிள் டயர் பொருந்தும். பழைய 650பி சக்கரமும் இன்றைய 27.5 மலைச் சைக்கிளும் 584 மி.மீ. என்ற ஒரே விட்டம்தான், ஆனால் அந்த டயர்கள் தடிமனானவை, மட்கார்டுக்குள் நுழையாது. டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் மி.மீ. எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், இன்ச் கணக்கை நம்பக் கூடாது.

சிக்கல் மரையில் இருக்கிறது. அந்தக் காலப் பிரெஞ்சு வண்டியின் பெடல் மரை 14 மி.மீ., நம் ஊர்ப் பெடல் 9/16 இன்ச், அதாவது 14.3 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஏதோ இறுக்கமாக இருக்கிறது என்று பலம் கொடுத்துத் திருகினால் கிராங்கின் மரை போய்விடும், மாற்றுக் கிராங்க் கிடைக்காது. பெடல் ஆக்சிலில் டி என்றும் ஜி என்றும் பிரெஞ்சு எழுத்து இருந்தால் கவனம்: டி வலது, ஜி இடது. பி.பி. கப்பு ஆங்கிலேய வண்டியில் வலப்பக்கம் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் இறுகுவது), ஓட்ட ஓட்ட அது இறுகியே இருக்கும். பிரெஞ்சு வண்டியில் இரு பக்கமும் வலது மரை, அதனால் வலப்பக்கக் கப்பு மெல்லத் தளர்ந்துகொண்டே வரும். ஹேண்டில் பார் தண்டு கூட 22.2-க்குப் பதில் 22 மி.மீ. நண்பருக்கு பாரீசில் அக்கா இருக்கிறார். லீவில் வரும்போது ஒரு பொட்டலம் சாமான் கொண்டுவந்து தருகிறார், அதனால் வண்டி ஓடுகிறது. அப்படி ஒரு உறவு உள்ளவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர் உண்டு, அவர்களுக்கு என் வாதம் செல்லாது. எழுபதுகளின் கடைசியிலிருந்து பெஜோ மெல்ல மெல்லப் பொது அளவுகளுக்கு மாறியது, எண்பதுகளின் பின்பாதி வண்டி கிடைத்தால் தொல்லை குறைவு.

தொண்ணூறுகளின் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்., ஹீரோ ரேஞ்சர் எல்லாம் இன்னும் மலிவாகக் கிடைக்கும். கற்றுக்கொள்ள நல்லவை. எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் வண்டிக்கு ஹெர்குலிஸோ அட்லஸோ எடுங்கள், தை மாதத்துக்கு மேல் தேடுங்கள். மழையில் என்ன பழுதானது என்பது அப்போது மறைக்க முடியாமல் தெரியும், வெயில் வருவதற்குள் ஓவராயிலும் முடிந்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: மூன்று கியரும் விழுகிற ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்போடு, கப்பு தேயாத நாட்டிங்ஹாம் ராலே யாராவது ஐந்தாயிரத்துக்குள் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் இன்னொரு ஹெர்குலிஸ் பாருங்கள்.