42ன்னு சொல்லி வித்தாங்க, என் சைஸ் 36. ஃபீடிங் பிரா வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க

இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சேன். பொதுவுல பிரா பத்தி எழுத கூச்சமாதான் இருக்கு, ஆனா அந்த கூச்சத்த வச்சுதான் என்னைய ஏமாத்துனாங்க, அதனால எழுதிடுறேன். கடை பேரு போடல, கமெண்ட்லயும் கேக்காதீங்க. எந்த கடையா இருந்தாலும் என்ன பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே மார்பு கொஞ்சம் பெருசு. காலேஜ் படிக்கும்போதுலேந்து 40 போடுவேன், தோள்ல ஸ்ட்ராப் அழுத்தி ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்துருக்கும், கழுத்து வலிக்கும், சரி பெரிய மார்பு உள்ளவங்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சுட்டே காலத்த ஓட்டிட்டேன். வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்தேன், வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். அப்ப ஒம்பதாவது மாசம், பங்குனி வெயில், பழைய பிரா எதுவுமே போட முடியல. பிரசவத்துக்கு பை ரெடி பண்ணணும்ல, ஃபீடிங் நைட்டி, பாப்பாவுக்கு துணி, எனக்கு ஃபீடிங் பிரான்னு லிஸ்ட் போட்டு நானும் அம்மாவும் பஸ் ஏறி கும்பகோணம் போனோம்.

கும்பகோணம் ஜவுளிக்கு பேர் போன ஊரு. திருபுவனம் பட்டு எடுக்க போனா உக்கார வச்சு, காபி வாங்கி குடுத்து, அம்பது புடவை பிரிச்சு போட்டு காட்டுவாங்க, பிடிக்கலன்னா முகம் சுளிக்காம மடிச்சு வைப்பாங்க. அதே ஊருல உள்ளாடை வாங்க போனா மூணு நிமிஷம். கவுண்டர்ல ஒரு பையன், ஒரு அக்கா. பையன் நிக்கிறான்னு நான் மெதுவா "ஃபீடிங் பிரா வேணும்க்கா"ன்னேன். அந்தக்கா என்னைய மேலேந்து கீழ ஒரு தடவ பாத்தாங்க, அவ்வளவுதான், "உங்களுக்கு 42 வரும்மா"ன்னு மூணு டப்பாவ எடுத்து வச்சுட்டாங்க. அளந்து பாக்க டேப் இருக்கான்னு கேட்டேன். "தினம் எத்தனை பேருக்கு குடுக்குறோம், பாத்தாலே தெரியும்மா"ன்னாங்க. கப் என்ன சைஸ்னு கேட்டதுக்கு "ஃபீடிங்ல கப் எல்லாம் கிடையாது, 42ன்னா 42தான், பெரிய சைஸுக்குன்னே வர்ற ஸ்பெஷல் மாடல், டாக்டருங்களே இதத்தான் வாங்க சொல்றாங்க"ன்னாங்க. போட்டு பாக்க ரூம் இல்லையாம். அம்மாவும் "அவங்களுக்கு தெரியாதா பாப்பா, வாங்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னுட்டாங்க. ஒண்ணு 650, மூணு 1950 ரூபா. பில்லுல "லேடீஸ் ஐட்டம் 3"ன்னு மட்டும் எழுதி, நியூஸ்பேப்பர்ல சுத்தி, கருப்பு கவர்ல போட்டு குடுத்தாங்க.

சித்திரை கடைசில கத்திரி வெயில்ல பாப்பா பொறந்தா, சிசேரியன். மூணாம் நாள் பால் நல்லா இறங்கிடுச்சு, அந்த நேரம் மார்பு கல்லு மாதிரி ஆகி கையத் தூக்க முடியாம இருக்கும்னு பெத்தவங்களுக்கு தெரியும். அன்னைக்குதான் அந்த 42 பிராவ பிரிச்சு போட்டேன். முதுகு பக்கம் பட்டி தொளதொளன்னு மேல ஏறி தோள்பட்டை எலும்பு வரைக்கும் போயிடுச்சு, ஆனா முன்னாடி கப் பத்தல, மேலயும் அக்குள் பக்கமும் பிதுங்கிட்டு நிக்குது. சுத்தளவு பெருசு, கப் சின்னது, ரெண்டுமே தப்பு. கப்ப தொறக்குற கிளிப் பிளாஸ்டிக், ஒரு கைல பாப்பாவ வச்சுகிட்டு இன்னொரு கையால தொறக்கவே முடியாது, அஞ்சாம் நாளே ஒரு பக்கம் உடைஞ்சுடுச்சு. கப்ப தொறந்தா உள்ள மார்ப தாங்குறதுக்கு அகலமான துணி இருக்கணும், இதுல சின்னதா ஒரு வட்ட ஓட்டை, அதுவழியா மார்ப வெளில எடுத்தா ஓட்டையோட ஓரம் சுத்தி கயிறு கட்டுன மாதிரி இறுக்குது. மார்புக்கு கீழ வேர்வை நின்னு நின்னு தோல் செவந்து எரிச்சல் எடுத்துடுச்சு. நான் ஊர்லேந்து கொண்டுவந்த பழசும் சேரல, வேற வாங்க ஆளும் இல்ல, அதையே ஊக்கு குத்தி போட்டுட்டு இருந்தேன்.

ஒம்பதாம் நாள் வலது பக்கம் அக்குள்கிட்ட ஒரு கட்டி. சரியா அந்த ஓட்டையோட ஓரம் அழுத்துன இடம். சாயங்காலம் குளிர் எடுத்துச்சு, ராத்திரி 102 ஜுரம். அம்மா பால் கட்டிகிச்சுன்னு வெந்நீர் ஒத்தடம் குடுத்து எண்ணெய் போட்டு நல்லா அழுத்தி நீவி விட்டாங்க, உயிர் போச்சு எனக்கு. பெரியம்மா வந்து மல்லிப்பூ வச்சு கட்டுங்கன்னாங்க, நல்ல வேளை பக்கத்து வீட்டு சித்தி, அது பால் வத்துறதுக்கு கட்டுறதாச்சேன்னு தடுத்துட்டாங்க. எல்லாரும் பாசத்துலதான் செஞ்சாங்க, யாரையும் குறை சொல்லல.

மறுநாள் டாக்டர்கிட்ட போனோம். அந்த மேடம் மொதல்ல சொன்னது அழுத்தி நீவுறத நிறுத்துங்க, அதுல உள்ள வீக்கம் இன்னும் கூடும்னு. சூடு வேணாம், குளிர்ந்த துணி இல்ல ஐஸ துணில சுத்தி வைங்க, பாப்பாவுக்கு எப்பவும் போல ரெண்டு பக்கமும் குடுங்க, கட்டி இருக்குன்னு அந்தப் பக்கத்த நிறுத்தவும் வேணாம், முழுசா காலி பண்றேன்னு கறந்துகிட்டே இருக்கவும் வேணாம்னாங்க. மாத்திரை எழுதி குடுத்தாங்க. அப்பறம் "என்ன பிரா போடுறீங்க, காட்டுங்க"ன்னாங்க. பாத்துட்டு, "இது உங்க அளவே இல்லம்மா, இப்ப தாங்கி பிடிக்கணும், ஆனா எங்கயும் இறுக்கக் கூடாது"ன்னாங்க. பிரா மட்டுமே காரணம்னு அவங்க சொல்லல, பாப்பா வாய் வச்ச விதமும் சரியில்லன்னு நர்ஸ் காட்டி குடுத்தாங்க, நானும் அதை மறைக்க விரும்பல. ஆனா ஒரே இடத்துல இறுக்கமா அழுத்திகிட்டே இருந்தா பால் போறது தடைபட்டு கட்டலாம்னு தெளிவா சொன்னாங்க. ஜுரத்தோட மார்பு செவந்து வலிச்சா வீட்டு வைத்தியம்னு நாள தள்ளாதீங்க, நான் ஒரு நாள் தள்ளுனதே தப்பு.

வீட்டுக்கு வந்து தெருவுல ஜாக்கெட் தைக்கிற அக்காவ டேப்போட வர சொன்னேன். மார்புக்கு சரியா கீழ, விலா எலும்பு மேல, டேப்ப இறுக்கமா ஆனா மூச்சு விட முடியுற மாதிரி வச்சு அளந்தாங்க, 35 அரை. அப்பறம் மார்போட எடுப்பான இடத்துல தளர்வா, 42. அப்பதான் எனக்கு புரிஞ்சுது. அந்தக் கடைக்காரக்கா கண்ணால பாத்து சொன்ன 42 என் மார்போட அளவு, பிரா மேல போடுற நம்பர் அது கிடையாது. நம்பர்ங்குறது கீழ் சுத்தளவு, எனக்கு 36. ரெண்டு அளவுக்கும் நடுவுல இருக்க வித்தியாசம்தான் கப். 1 இஞ்ச்னா ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5னா டபுள் டி, 6 எஃப். டபுள் டிய சில கம்பெனி ஈன்னு போடுவாங்க, 6 இஞ்ச்ச டிரிபிள் டின்னும் போடுவாங்க, அதனால வாங்குற கம்பெனியோட சார்ட்ட பாத்துக்கணும். சில பேரு இன்னும் பழைய முறைல கீழ் அளவோட 4, 5 இஞ்ச் கூட்டி நம்பர் சொல்றாங்க, அப்படி கூட்டுனா எனக்கு 40 வருது, நான் இத்தன வருஷம் போட்டுட்டு இருந்த அதே 40.

பெரிய மார்பு உள்ளவங்க இத நல்லா கவனிங்க. வெயிட்ட பெரும்பாலும் தாங்குறது முதுக சுத்தி வர்ற பட்டி, ஸ்ட்ராப் கிடையாது. பட்டி லூசா இருந்தா பின்னாடி ஏறும், பின்னாடி ஏறுனா முன்னாடி தொங்கும், அப்ப மொத்த கனமும் தோள்லதான் விழும், தோள் பள்ளம், கழுத்து வலி எல்லாம் அதுலேந்து வர்றது. கடைல எஃப் கப் ஸ்டாக் இருக்காது, அதனால பெரிய கப்புக்கு பதிலா பெரிய நம்பர எடுத்து குடுத்துடுறாங்க. கப் எழுத்தும் நம்பரோட சேர்ந்ததுதான், 36 எஃப் கப்புல பிடிக்கிற அளவும் 38 டபுள் டி, 40 டி கப்புல பிடிக்கிற அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு, பட்டிதான் வேற. கப் எழுத்தே இல்லாம வெறும் நம்பர் போட்ட ஃபீடிங் பிரா வாங்கவே வாங்காதீங்க, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அது சேராது.

இதுவரைக்கும் நடந்தத தெரியாத்தனம்னு விட்டுருப்பேன். ஆனா பிரிக்காம வச்சிருந்த ரெண்டு டப்பாவ எடுத்து பாத்தப்ப ஒரு ஸ்டிக்கர் ஓரம் பிஞ்சு இருந்துச்சு. உரிச்சு பாத்தா கீழ அச்சடிச்ச எம்.ஆர்.பி 425. மேல 650ன்னு ஸ்டிக்கர். டப்பா மேல 42, உள்ள பிராவுல தச்சிருக்க சின்ன துணி லேபிள்ல 40. மூணுலயும் அப்படியே. எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஜுரத்துல கெடந்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் திருவாரூர்லேந்து வந்து டப்பாவோட போனாரு. "உள்ளாடை ரிட்டர்ன் கிடையாது சார், போர்டு வச்சிருக்கோம் பாருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஆம்பளை ஆளு அங்க நின்னு பிராவ வச்சு எவ்வளவு நேரம் பேசுவாரு, வந்துட்டாரு. நான் 1915க்கு போன் பண்ணேன், அது நுகர்வோர் ஹெல்ப்லைன், புகார பதிவு பண்ணிகிட்டு நம்பர் குடுத்தாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு 2020 ஜூலைலேந்து நடைமுறைல இருக்கு. குறை உள்ள பொருள பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள திருப்பி எடுத்துகிட்டு பணம் குடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம்னு அதுல இருக்கு. போட்டு பாத்து சேரலங்குறது வேற விஷயம், அதுக்கு கடைக்காரர் மாத்தி குடுத்தா உண்டு, ஆனா லேபிள மாத்தி, எம்.ஆர்.பி மேல ஸ்டிக்கர் ஒட்டி விலைய கூட்டுனது அப்படி இல்ல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போனா 5 லட்ச ரூபா வரைக்கும் உள்ள வழக்குக்கு ஃபீஸும் கிடையாது.

வாங்குன தேதிலேந்து பாத்தா அப்ப 30 நாள் தாண்டிடுச்சு, அது எனக்கு கவலையாவே இருந்துச்சு. அதனால நீங்க முன்னாடியே வாங்கி பைல பூட்டி வைக்காதீங்க, வாங்குன அன்னைக்கே பிரிச்சு லேபிள பாருங்க. பாப்பாவுக்கு அம்பது நாள் ஆனதும் நானே அம்மாவோட போனேன். இந்த தடவ மெதுவா பேசல. கடை நிறைய ஆளு இருந்தாங்க, டப்பாவ கவுண்டர்ல வச்சு, "இது 650, இத உரிச்சா 425, டப்பால 42, உள்ள 40, இதுக்கு பதில் சொல்லுங்க"ன்னேன், 1915 புகார் நம்பரையும் காட்டுனேன். உள்ளேந்து ஓனர் வந்தாரு. கம்பெனிலேந்து அப்படி வந்துருச்சுன்னாரு. கடைசில போடாத ரெண்டுக்கு 1300 குடுத்தாங்க, போட்டதுக்கு தர மாட்டேன்னுட்டாங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல.

அப்பறம் ஆன்லைன்ல 36 எஃப் தேடி, ரிட்டர்ன் உண்டான்னு படிச்சு பாத்து (உள்ளாடைக்கு நிறைய இடத்துல கிடையாது) மொதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்குனேன். ஒயர் இல்லாதது, பின்னாடி நாலு கொக்கி, அகல ஸ்ட்ராப், காட்டன், கப்ப இறக்குனா உள்ள பக்கவாட்டுல அகலமான துணி மார்ப கீழேந்து தாங்குது. வந்ததும் போட்டு கைய மேல தூக்கி பாத்தேன், பட்டி அசையல. பட்டிக்குள்ள ரெண்டு விரல் போகுது, அதுக்கு மேல போகல. கடைசி கொக்கில, அதாவது லூசான கொக்கில போட்டு சரியா இருக்கணும், துவைக்க துவைக்க எலாஸ்டிக் நெகிழும்போது உள் கொக்கிக்கு மாறிக்கலாம். மாசமா இருக்கும்போது விலா எலும்பு விரிஞ்சிருக்கும், பிரசவத்துக்கு அப்பறம் சுருங்கும், அதனாலயும் வெளி கொக்கில சேர்றதுதான் சரி. பால் நெறஞ்சு இருக்குற நேரத்துல போட்டு பாருங்க, குடுத்து முடிச்ச உடனே போட்டா கப் பெருசா தெரியும், ரெண்டு மணி நேரத்துல பிதுங்கும். பிரசவத்துக்கு முன்னாடியே மொத்தமா வாங்காதீங்க, ஒண்ணு ரெண்டு போதும், மொத ஆறு வாரம் போய் பால் ஒரு நிலைக்கு வந்ததும் திரும்ப அளந்துட்டு மிச்சத்த வாங்குங்க. நான் அப்படி இன்னும் மூணு வாங்குனேன், இப்ப ஐப்பசி அடைமழைல எதுவும் காய மாட்டேங்குது, நாலு இருக்கவே சமாளிக்கிறேன். ஈரத்தோட மட்டும் போடாதீங்க, பால் ஒழுகுனா உறிஞ்ச கப்புக்குள்ள வைக்கிற பேட் நனைஞ்சாலும் உடனே மாத்திடுங்க, மார்புக்கு கீழ புண்ணாகிடும்.

தோள் பள்ளம் இப்ப கொறஞ்சிருக்கு. பாப்பாவுக்கு ஆறு மாசம், பால் குடுத்துட்டுதான் இருக்கேன்.

எதிர் வீட்டு பொண்ணுக்கு இது எட்டாவது மாசம். நேத்து அவ கும்பகோணம் கெளம்புனா, நிறுத்தி உள்ள கூட்டிட்டு போய் அளந்தேன். கீழ 34, மேல 39. 40 போட்டுட்டு இருக்கா. 34, டபுள் டின்னு ஒரு சீட்டுல எழுதி அவ பர்ஸுக்குள்ள வச்சு அனுப்பிருக்கேன்.