சிபில் இலவச அறிக்கை: வட்டி வேண்டாதவருக்கும் தேவையா?

தேவைதான். நம் கடன், தவணை வரலாற்றைத் திரட்டி ஸ்கோர் (மதிப்பெண்) போடும் நிறுவனம்தான் சிபில். இஸ்லாமிய மார்க்கம் தடுப்பதால் வட்டிக் கடன் பக்கமே போகாதவர் பேரிலும் பழைய கிரெடிட் கார்டோ, 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' ஆப்போ நிலுவை காட்டலாம். நீங்களே பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். ஆனால் சிபில் தளம் கட்டணத் திட்டத்தைத்தான் முன்னே நீட்டும், இலவச இணைப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் பெயர், பான், பிறந்த தேதி. முகமது என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம், இனிஷியல் வேறு முன்னும் பின்னும் மாறும். அடுத்தவர் கடன் உங்கள் கணக்கில் ஒட்டிக்கொள்ள இதுவே போதும். பிறகு ஒவ்வொரு கணக்கிலும் மாதவாரிக் கட்டத்தைப் பாருங்கள். 000 என்றால் தாமதமில்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம்.

தவறிருந்தால் 'டிஸ்ப்யூட்' (ஆட்சேபம்) பதியலாம், கட்டணமில்லை. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் எதையும் திருத்தாது. எனவே வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

'செட்டில்டு' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். பாதி கட்டி முடித்ததற்கான கறை அது. அசலில் பாக்கி நின்றால், கொடுத்தவர் அதை விட்டுத்தராதவரை மார்க்கப்படியும் பொறுப்பு தீரவில்லை. மீதியைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என மாற்றச் சொல்லுங்கள்.

கடனே வாங்காதவருக்கு ஸ்கோருக்குப் பதில் என்ஹெச் (NH) என்று வரும். குற்றமல்ல, வரலாறு இல்லை, அவ்வளவே. அதற்காக வட்டிக் கடன் எடுக்கச் சொல்லும் ஏஜென்டுகளுக்குக் காது கொடுக்காதீர்கள்.