பாலூட்டும்போது ஏடிஹெச்டி மாத்திரை: நிறுத்துவதா, தொடர்வதா, மாற்றுவதா?

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஏடிஹெச்டிக்கு (கவனம் நிலைக்காமல் சிதறும், நிதானமாக இருக்க விடாத கோளாறு) மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை போட்டுவந்து, கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்தி, இப்போது கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி யோசித்தவள்தான். என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும் சாதா மாத்திரையை, குறைந்த டோஸில், தாய்ப்பாலையும் விடாமல் எடுத்துக்கொண்டேன். எனக்கு மனநல மருத்துவரும் குழந்தை டாக்டரும் சேர்ந்துதான் சரி சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை, அதனால் இதைப் படித்துவிட்டு அலமாரியில் கிடக்கும் பழைய அட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. மாத்திரை இல்லாமல் தாய்ப்பால், மாத்திரை போட்டுக்கொண்டு பவுடர் பால், வேறு மருந்துக்கு மாறுவது, அதே மருந்தோடு தாய்ப்பால்.

முதல் வழிக்குத்தான் வீட்டில் எல்லாருடைய ஓட்டும். பூண்டையும் பால் சுறாப் புட்டையும் தட்டில் தள்ளிக்கொண்டே "பால் குடுக்கிறவ கண்ட மாத்திரையும் போடலாமாடி" என்று அம்மா கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? உண்மையிலேயே அது மோசமான வழியும் இல்லை. தொந்தரவு லேசாக இருந்து, அம்மா வீட்டில் ஆள் துணையும் இருந்தால் ஆறு மாதம் ஓட்டிவிடலாம், ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாத்திரை போடாவிட்டால் ஆபத்தே இல்லை என்று வைத்துக்கொள்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்வீடனில் ஏழரை லட்சத்துக்கும் அதிகமான தாய்மார்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023ல் ஒரு ஆய்வு வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, ஏடிஹெச்டி உள்ளவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. மற்றவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். மாத்திரை போட்டால் இது குறையும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏற்கெனவே சரிவில் நிற்கிற ஒருத்தியிடம்தான் தூக்கத்தையும் பறித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

அன்றாடத்தில் அது எப்படி இருக்கும் என்றால், வைட்டமின் டி டிராப்ஸ் பாட்டில் கையில் இருக்கும், மூடி திறந்திருக்கும், குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டிருக்கும், கொடுத்துவிட்டேனா இனிமேல்தான் கொடுக்க வேண்டுமா என்பது மட்டும் சுத்தமாகத் தெரியாது. எல்லா அம்மாக்களுக்கும் மறதி வரும்தான். ஆனால் நாள் முழுக்க ஒவ்வொரு வேலையிலும் இப்படியென்றால் அதை "பிள்ளை பெத்த மறதி" என்று சிரித்துத் தள்ள முடியாது.

பவுடர் பால் பற்றிச் சுருக்கமாக. கொடுப்பது குற்றம் இல்லை, குழந்தை நன்றாகவே வளரும், ராத்திரி வேறு யாராவது கொடுக்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஏடிஹெச்டி மூளைக்கு அது தனி வேலைப்பளு. 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றால் நாலாவது கரண்டியில் காலிங்பெல் அடிக்கும், திரும்பி வந்தால் போட்டது மூன்றா நாலா என்று தெரியாது, கொட்டிவிட்டு முதலிலிருந்து. பாட்டிலைக் கொதிக்க வைக்க வேண்டும், கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். மாத்திரையை நிறுத்த முடியாத அளவுக்கு டோஸ் அதிகம் என்றால், அல்லது பாலூட்டுவதே உங்களை வதைக்கிறது என்றால், இதுதான் நல்ல வழி. எனக்கு இரண்டும் இல்லை.

வேறு மருந்து என்றால் நம் ஊரில் பெரும்பாலும் அடோமாக்ஸெடின். கட்டுப்பாடு குறைவு, எளிதாகக் கிடைக்கும், பழகிப்போகும் என்ற பயம் இல்லை. ஆனால் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும், தினமும் விடாமல் போட வேண்டும், தாய்ப்பாலில் எவ்வளவு போகிறது என்பதற்குத் தகவல் அநேகமாக இல்லை. அதோடு இன்னொரு சிக்கல். இந்த மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, அவர்களுக்கு இருபது மணி நேரம் ஆனாலும் பாதிதான் ஆகும். அம்மா எந்த வகை, குழந்தை எந்த வகை என்று சோதிக்காமல் தெரியாது. ஏற்கெனவே இதில்தான் நிலையாக இருக்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு, புதிதாக மாறுவதற்கு இந்த நேரம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

அமெரிக்கா, கனடாவில் இருக்கிறவர்கள் அங்கே ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் வகை பற்றிக் கேட்பார்கள். நான் அதைப் போட்டதே இல்லை, எழுத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அந்த வகையில் பாலுக்குப் போகும் பங்கு மெத்தில்ஃபெனிடேட்டைவிடப் பல மடங்கு அதிகம், உடம்பில் தங்கும் நேரமும் அதிகம்.

சரி, என் வழிக்கு வருகிறேன். பாலில் மருந்து எவ்வளவு போகிறது என்று பார்க்க டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அம்மா தன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுக்கிறாள், பால் வழியாகக் குழந்தைக்கு அதன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கிறது, இரண்டாவது முதலாவதில் எத்தனை சதவீதம்? பத்துக்குக் கீழே என்றால் பொதுவாக ஏற்கத்தக்கது. மெத்தில்ஃபெனிடேட் ஒன்றுக்கும் கீழே. ரத்தம் எடுத்துப் பார்த்த ஓரிரு குழந்தைகளிடம் அளக்கும் அளவுக்குக்கூட மருந்து இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த எண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தாய்மார்களிடமிருந்து வந்தவை. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டு பயமுறுத்துவதும் இதனால்தான். பாலூட்டும் தாய்மார்களை வைத்து யாரும் பெரிய அளவில் சோதிக்கவில்லை, எனவே கம்பெனிகள் ஜாக்கிரதையாகத்தான் எழுதும்.

எண்களைவிட என்னை இந்தப் பக்கம் தள்ளியது வேறு விஷயம். இந்த ஒரு மருந்தில்தான் முடிவை ஒவ்வொரு காலையும் புதிதாக எடுக்க முடிகிறது. சாதா மெத்தில்ஃபெனிடேட் போட்ட அன்றே வேலை செய்யும், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உச்சம், அப்புறம் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிபாதியாகக் குறையும், காலையில் போட்டது ராத்திரிக்குள் அநேகமாகத் தீர்ந்திருக்கும். குழந்தைக்குச் சளி, சரியாகக் குடிக்கவில்லை, ராத்திரி சிணுங்கிக்கொண்டே இருந்தது என்றால் இன்றைக்கு மாத்திரை வேண்டாம், அவ்வளவுதான். பேங்க் வேலை, தடுப்பூசி, வரி கட்ட வேண்டிய நாள் என்றால் போடலாம். அடோமாக்ஸெடினில் இந்தச் சுதந்திரம் கிடையாது, ஒரு நாள் நிறுத்தி ஒரு நாள் போடும் மருந்து இல்லை அது. பவுடர் பாலிலும் கிடையாது, தாய்ப்பாலை முழுதாக நிறுத்திவிட்டால் பிறகு மனம் மாறினாலும் பாலைத் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு. மாத்திரையே வேண்டாம் என்றால்கூட அது பல மாதங்களுக்குச் சேர்த்து எடுக்கும் முடிவாகிவிடுகிறது. தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே திரும்பி வரக்கூடிய வழி இது ஒன்றுதான் என்று பட்டது, பயந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

நடைமுறை இப்படி. விடிகாலையில் மார்பு கனத்திருக்கும்போது ஒரு பக்கம் குழந்தைக்கு, மறுபக்கம் பீய்ச்சி ஃபிரிட்ஜில். எழுந்ததும் இன்னொரு முறை பாலூட்டிவிட்டு, வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை, ஏனென்றால் மத்தியானப் பசியை இது அமுக்கிவிடும், அம்மா சாப்பிடாவிட்டால் எல்லாமே ஆட்டம் காணும். மருந்து உச்சத்தில் இருக்கும் வேளையில் பசித்து அழுதால் எடுத்து வைத்த பாலை வீட்டுக்காரர் பாலாடையில் புகட்டுவார். தினமும் இது நடக்காது. நடக்காத நாளில் நேரடியாகவே கொடுத்தேன், மேலே சொன்ன கணக்கே நாள் முழுவதற்கும் சேர்த்துப் போட்டதுதானே.

பீய்ச்சிக் கொட்டிவிட்டால் மருந்து போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். மார்பு ஒன்றும் அடைத்து வைத்த தொட்டி இல்லை. ரத்தத்தில் மருந்து குறையும்போது பாலில் இருப்பதும் ரத்தத்துக்கே திரும்பிக் குறைந்துவிடும். கொட்டுவதால் வேகம் கூடாது, பால்தான் வீண்.

பிறந்த உடனே இதை ஆரம்பிக்கச் சொல்லமாட்டேன். பச்சைக்குழந்தை இரண்டு மணிக்கொருமுறை குடிக்கும், நேரம் பார்த்துப் போடுவதெல்லாம் நடக்காது, அதன் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. இந்த வகை மருந்துகள் பால் சுரப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு, அதனால் சுரப்பு நிலைப்படும்வரை பொறுப்பது நல்லது. குறைமாதக் குழந்தை என்றால் டாக்டர் வாயிலிருந்து வராமல் எதுவும் வேண்டாம். பிரசவத்தில் பிரஷர் ஏறியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இந்த மாத்திரை பிரஷரையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர மாத்திரையைப் பாலூட்டும்போது நான் போட்டதில்லை. அதில் நேரம் பார்க்கும் வசதி போய்விடும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

குழந்தையிடம் கவனிக்க வேண்டியவை மூன்று: தூக்கம், குடிப்பது, எடை. 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை எப்படியும் பார்ப்பார்கள். அதற்கு நடுவிலும் ஒரு முறை பார்த்துக் குறித்து வைத்தோம், கோடு ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த பிறகுதான் அம்மா சுறாப் புட்டோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக, கிடைப்பது பற்றி. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனையில் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. டாக்டர் எழுதித் தரும் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் வைத்திருப்பார், தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, லைசென்ஸ் உள்ள கடையிலும் ஸ்டாக் இல்லை என்று கைவிரிப்பார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய முடியாது. அட்டையில் பாதி இருக்கும்போதே கடைக்குப் போன் போட்டுவிடுங்கள், அந்தத் தேதியை நினைவு வைக்கும் வேலையை வீட்டுக்காரர் போனில் அலாரமாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.