லிஸ்ப் பெயருக்குள் இடைவெளி: பைப் குறியா, பேக்ஸ்லாஷா, க்ளோஜர் வழியா?

காமன் லிஸ்ப், ஈமாக்ஸ் லிஸ்ப், ஸ்கீம், ராக்கெட், க்ளோஜர் என்று நீளும் லிஸ்ப் நிரல்மொழிக் குடும்பத்தில் பெயர் வைப்பதற்குக் கட்டுப்பாடு குறைவு. கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, கூட்டல்குறி எல்லாம் சும்மா உள்ளே வரும். இடைவெளி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி வந்தால்தான் சிக்கல். எக்ஸெல் தாளில் 'மொத்த விலை (ரூ.)' என்று ஒரு தலைப்பு; அதை அப்படியே சிம்பலாக்க (நிரலில் ஒரு பெயராக்க) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

காமன் லிஸ்பில் இரு பக்கமும் பைப் குறி போட்டு |மொத்த விலை (ரூ.)| என்று எழுதினால் முடிந்தது. அச்சிடும்போதும் பைப் குறியோடுதான் வரும். அதைத் திரும்ப வாசிக்கக் கொடுத்தால் அதே சிம்பல் கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தொல்லை வேறு இடத்தில்: ஆங்கிலப் பெயர்களை ரீடர் (நிரலை வாசிக்கும் பகுதி) பெரிய எழுத்தாக்கிவிடும், பைப்புக்குள் இருப்பதைத் தொடாது. அதனால் சிறிய எழுத்துப் பெயரைப் பைப்போடு எழுதினால் ஒரு சிம்பல், இல்லாமல் எழுதினால் வேறொன்று. தமிழ்ப் பெயருக்கு இந்த வம்பே இல்லை.

ஈமாக்ஸ் லிஸ்பில் பைப் கிடையாது. மொத்த\ விலை\ \(ரூ.\) என்று ஒவ்வொன்றுக்கும் பேக்ஸ்லாஷ். வேலை நடக்கும், கண்தான் வலிக்கும். ஸ்கீமின் 2007 தரம் (ஆர்6ஆர்எஸ்) இன்னும் மோசம்: இடைவெளியைக்கூட ஹெக்ஸ் (பதினாறு அடிமான) எண்ணாக எழுதச் சொன்னது. 2013-இல் வந்த ஆர்7ஆர்எஸ் பைப்பைச் சேர்த்துக்கொண்டது. ராக்கெட்டில் பைப், பேக்ஸ்லாஷ் இரண்டுமே உண்டு.

க்ளோஜரில் ரீடருக்கு இப்படி எந்த வழியும் இல்லை. ஆனால் சரத்திலிருந்து (மேற்கோள் குறிக்குள் எழுதும் வெறும் எழுத்துத் தொடர்) இடைவெளியுள்ள கீவேர்டை (முக்கால்புள்ளியில் தொடங்கும் பெயர்) உருவாக்கினால் மறுக்காமல் உருவாக்கும்! அச்சிட்டால் :மொத்த விலை (ரூ.) என்று வரும், திரும்ப வாசித்தால் ஒரு கீவேர்டு, ஒரு சிம்பல், ஒரு பட்டியல் என்று மூன்றாக உடையும். ஜேசான் என்ற தரவு வடிவத்தில் வரும் சாவிகளை (தரவின் பெயர்கள்) கண்ணை மூடிக்கொண்டு கீவேர்டாக்குபவர்கள் மாட்டுவது இங்கேதான். வெளியிலிருந்து வரும் பெயர்களைச் சரமாகவே வைத்திருப்பது நல்லது. அப்புறம், க்ளோஜர் ஓடும் ஜாவா மேடையான ஜேவிஎம்முக்காக உள்ளே பெயர் மாற்றமும் நடக்கிறது: ஹைஃபன் அடிக்கோடாகும், கேள்விக்குறி '_க்யூமார்க்_' ஆகும். பிழைத்தடத்தை (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) படிக்கும்போது மனதுக்குள் திருப்பி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 'மொத்தம்' என்பதன் 'மொ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. காமன் லிஸ்பை இயக்கும் மென்பொருள்களில் ஒன்றான எஸ்பிசிஎல், சாதாரணமாக எழுதிய பெயர்களை வாசிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். க்ளோஜர் அப்படிச் செய்யாது. ஒரு வடிவில் வரையறுத்து மற்றதில் அழைத்தால், அப்படி ஒரு சிம்பலே இல்லை என்று பிழை வரும்.