வான் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் லமினேட்டைக் கண்ணால் பாருங்கள்

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் சாப்பாட்டு ஓர்டர் எடுத்துச் செய்து கொடுக்கிற சின்னத் தொழில் எங்களுடையது. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று வாரக்கடைசியில் சாப்பாடு ஏற்றுகிற வானுக்கு ஓய்வே இல்லை. போன ஒக்டோபரில் அதன் பின்கண்ணாடி முழுக்கக் கடைப் பெயர், போன் நம்பர், ஒரு தட்டு இடியப்பத்தின் படம் எல்லாம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவித்தேன். ஒன்வே விஷன் என்பார்களே, சின்னச் சின்னத் துளை போட்டது. வெளியே நிற்பவருக்குப் படம் தெரியும், உள்ளே இருப்பவருக்கு றோட்டுத் தெரியும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இந்த மாதம் அதையே ஒட்டப் போவதாகச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிக்கர் கடைக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. மழை பெய்தால் பின்னுக்கு வருவது தெரியுமா? துளைக்குள் போன தண்ணீர் வழிந்து ஓடாது, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். அதைத் தடுக்கத்தான் மேலே லமினேட் என்கிற தெளிந்த, மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது. "அண்ணை, யோசிக்காதேங்கோ, லமினேட் அடிச்சுத்தான் தருவன்" என்றார். பில்லிலும் "லமினேஷன் உட்பட" என்று எழுதினார். சரி என்று காசைக் கட்டினேன். காலையில் பிரின்ட் எடுத்ததைப் பின்னேரமே லமினேட் பண்ணி ஒட்டியும் முடித்துவிட்டார்.

பகலில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரவில் 401 நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் விளங்கியது. பின்னால் வருகிற காரின் லைற் இரண்டும் சேர்ந்து ஒரே வெள்ளைப் புகையாகப் பரவி நின்றது. கார் கிட்ட வருகிறதா, தூரத்தில் நிற்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அழுக்கு என்று நினைத்து உள்ளேயும் வெளியேயும் துடைத்தேன். மாற்றம் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஹோல் வாசலில், மைம்மல் நேரம், தூறல், மெதுவாக றிவேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கத்திய பிறகுதான் நிறுத்தினேன். குழந்தையை ஸ்ரோலரில் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி பின்னால் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் நிழல் மட்டும். அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கம் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை.

டிசம்பரில் முதல் பனி கொட்டியதும் மற்றக் கோளாறும் வந்தது. லமினேட் ஓரம் சுருங்கி, ஸ்டிக்கரையும் இழுத்துக்கொண்டு கண்ணாடியிலிருந்து கிளம்பியது. அந்த இடைவெளியால் தண்ணீர் துளைகளுக்குள் இறங்கி உறைந்தது. உறைந்தது விரிந்து இன்னும் கிளப்பியது. பின் வைப்பர் அந்த ஓரத்தில் மாட்டி இடியப்பப் படத்தைப் பாதியாகக் கிழித்துவிட்டது.

திரும்பப் போய்க் காட்டினால், "குளிருக்கு அப்பிடித்தான் அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது" என்ற பதில்தான். என்ன லமினேட் போட்டீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் போடுற அதேதான்" என்றார். முழுப் பிழையும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது என்று பிறகு அறிந்தேன்.

அறிய வைத்தவர் வேறொரு இடத்தில் பஸ்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற ஒரு தம்பி. இரண்டு லமினேட் துண்டுகளை வெட்டி மேசையில் கிடந்த பேப்பர் மேல் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரித் தெளிவாக இருந்தன. "இப்ப தூக்கிப் பிடியுங்கோ" என்றார். கண்ணுக்கு முன் பிடித்து வெளியே நின்ற காரின் நம்பர் பிளேற்றைப் பார்த்தேன். ஒன்றில் எழுத்து அப்படியே இருந்தது. மற்றதில் தோடம்பழத் தோல் போலச் சொரசொரப்பு, எழுத்து நெளிந்தது. சாதாரண ஸ்டிக்கரில் லமினேட் மையோடு ஒட்டியே இருப்பதால் இந்தக் குறை கண்ணில் படாது. துளை ஸ்டிக்கரில் நாங்கள் லமினேட்டுக்கு ஊடாகத் தூரத்தைப் பார்க்கிறோம். அதன் பசையும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். மினுக்கம் இல்லாத மற் லமினேட் என்றால் கதையே வேண்டாம், ஒன்றுமே தெரியாது.

சுருங்கியதற்கும் காரணம் சொன்னார். மலிவு லமினேட்டைச் சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்கிறார்கள். அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றி வார்த்துச் செய்வது, மெல்லியது, சுருக்கம் மிகக் குறைவு. துளை ஸ்டிக்கரில் பாதி இடம் வெறும் ஓட்டை என்பதால் லமினேட் பிடித்துக்கொள்ள மீதிப் பாதிதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் சுருங்கினாலே ஓரம் கிளம்பும். பிரின்ட் எடுக்கிற சொல்வென்ட் மை, அதாவது கரைப்பான் கலந்த மை, காய்வதற்கு ஒரு நாளாவது விடாமல் மேலே மூடினால் இன்னும் மோசம். என்னுடையது அன்றே மூடப்பட்டது.

ஆகவே ஒட்டப் போகிறவர்கள் "லமினேட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். துளை ஸ்டிக்கருக்கென்றே செய்த, ஊடாகப் பார்க்கக்கூடிய காஸ்ட் லமினேட்டா என்று கேளுங்கள். துண்டு ஒன்றை வாங்கித் தூக்கிப் பிடித்துத் தூரத்து எழுத்தை வாசியுங்கள். ஸ்டிக்கரின் பெயரையும் லமினேட்டின் பெயரையும் பில்லில் எழுதுவியுங்கள். எந்த ஸ்டிக்கருக்கு எது பொருந்தும் என்று பெரிய கொம்பனிகள் தங்கள் தயாரிப்புத் தாளில் போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓரத்துக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேளுங்கள், ஓரத்தால் தண்ணீர் புகுந்தால் நல்ல லமினேட்டும் உதவாது.

பிறகு ஹெயர் டிரையர் பிடித்து நானும் மகனும் அதைக் கழற்றினோம். லமினேட் தனியாக உரிந்து வந்தது, ஸ்டிக்கர் நகத்தளவு துண்டுகளாகக் கிழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. காசு இன்னும் திரும்பி வரவில்லை. அந்த லமினேட்டில் ஒரு துண்டை வானில் வைத்திருக்கிறேன். ஸ்காபரோப் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் காட்டுகிறேன், கண்ணுக்கு முன் பிடித்துப் பாருங்கள்.