குற்ற வழக்கும் இலவசச் சட்ட உதவியும்: ஒரு மாவட்ட மையத்தைப் பற்றிய மதிப்பீடு

தென் மாவட்டம் ஒன்றின் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் இலவசச் சட்ட உதவி மையத்தை, உறவினர் ஒருவர்மீது பதிவான அடிதடி வழக்கின் பொருட்டுப் பல மாதங்கள் பயன்படுத்த நேர்ந்தது. தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞரைப் பற்றி இப்படி எழுதத் தயக்கம் இருந்திருக்கும். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதை இந்திய பார் கவுன்சிலின் விதி 36 தடுக்கிறது. இணையதளங்கள் வழக்கறிஞர்களை நட்சத்திர மதிப்பெண்ணோடு பட்டியலிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்தது. பொதுப்பணத்தில் நடக்கும் சேவையைப் பற்றி எழுத அந்தத் தயக்கம் தேவையில்லை.

முதலில், யாருக்கு இந்தச் சேவை என்பது. அரசியலமைப்பின் 39ஏ பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. அதைச் செயல்படுத்தும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமலே உதவி கிடைக்கும். மற்றவர்களுக்குத்தான் மாநில அரசு நிர்ணயிக்கும் வருமான வரம்பு. ‘இலவசம் என்றால் பரம ஏழைக்கு மட்டும்’ என்று எங்கள் வீட்டிலேயே நினைத்திருந்தார்கள். சிறையிலிருக்கும் எவரும், வசதி எப்படியிருந்தாலும், இந்த உதவியைக் கேட்கலாம் என்பதைப் பலர் ரிமாண்டுக்குப் பிறகுதான் அறிகிறார்கள்.

மையத்தின் பலம் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் இருக்கிறது. 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தின்கீழ், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேர வழக்கறிஞர்கள் மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்டுவருகிறார்கள். அவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளி வழக்குகளை நடத்தக் கூடாது. முன்பு மையத்தின் பட்டியலில் பெயர் பதிந்து, சொந்தத் தொழிலையும் நடத்திவந்த வழக்கறிஞர்களை மட்டும் நம்பியிருந்தபோது, கட்டணம் தரும் கட்சிக்காரர்களின் வழக்குக்கிடையே இலவச வழக்கு கடைசியில் நின்றது என்ற குறையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞருக்கு வேறு அவசரம் இல்லை. முதல் தகவல் அறிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டே பேசத் தொடங்கினார்.

அந்த அறிக்கையில் இருந்தவை 296(பி), 115(2), 351(3) ஆகிய பிரிவுகள். தமிழ்நாட்டில் வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு, குழாயடிச் சண்டை எதுவானாலும் ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொன்றுவிடுவதாக மிரட்டியது என்ற இந்த மூன்றும் சேர்ந்தே வருவதைக் காணலாம். 2024 ஜூலை 1க்கு முன் இதே வரிசை பழைய இந்தியத் தண்டனைச் சட்டப்படி 294(பி), 323, 506(2) என்று எழுதப்பட்டது. ‘ஏழு வருடம் உள்ளே போட்டுவிடுவார்களா?’ என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. வழக்கறிஞர் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதக் காரணம், பெரும்பாலான குடும்பங்களின் அச்சம் இதே இடத்தில்தான் தொடங்குகிறது என்பதே. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஆபாசமாகப் பேசியதற்கு 3 மாதம் வரை, காயம் ஏற்படுத்தியதற்கு ஓராண்டு வரை, கொலை மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். இவையெல்லாம் உச்ச வரம்புகள்; மூன்றுக்கும் சிறைக்குப் பதிலாக அபராதம் மட்டுமே விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மேலும், இவ்வழக்கை விசாரிக்கும் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 3 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க அதிகாரம் அற்றவர். ஆகவே சட்டப்புத்தகத்தில் 7 என்று இருந்தாலும் அந்த அறைக்குள் அது 3ஆகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல் தேவை என்று நடுவர் கருதினால் வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். முதன்முறையாகக் குற்றவாளி என்று முடிவானாலும், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடுவிக்கக் கோரலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருவர்கூட இதைச் சொல்லியிருக்கவில்லை. ‘ஏழு வருடக் கேஸ்’ என்று மட்டும் சொல்லிக் கலவரப்படுத்தினார்கள்.

ஆனால் அதே 351(3) வேறு விதத்தில் பாதகமானது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமானால், 60 வயதைக் கடந்தவரை அல்லது உடல்நலம் குன்றியவரைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(7) பிரிவு சொல்கிறது. மிரட்டல் பிரிவைச் சேர்த்தவுடன் முதியவருக்குரிய அந்தப் பாதுகாப்பு கைநழுவிப்போகிறது. ஒரு வாக்கியத்தைப் பழக்கத்தின் பேரில் சேர்ப்பதால் இவ்வளவு விளைவு ஏற்படுவதைக் காவல் நிலைய எழுத்தர்கள் அறிந்துதான் செய்கிறார்களா என்பது என் ஐயம்.

‘புகார் கொடுத்தவரே சமாதானமாகிவிட்டார், வழக்கை வாபஸ் வாங்கலாமா?’ என்பது காத்திருப்போர் வரிசையில் அடிக்கடி காதில் விழுந்த கேள்வி. குற்ற வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரர் நினைத்தவுடன் கோப்பு மூடப்படாது. சமரசத்துக்குரிய குற்றங்களின் பட்டியல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவில் இருக்கிறது. அடித்த குற்றம் அதில் உண்டு. ஆபாசப் பேச்சு இல்லை. ஆகையால் இரு தரப்பும் கைகுலுக்கிய பிறகும், வழக்கு முழுவதையும் ஒழிக்க வேண்டுமானால் 528ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை, எங்களைப் போன்ற தென் மாவட்டத்தார் மதுரைக் கிளையை, நாட வேண்டியிருக்கிறது. அடித்ததை மன்னிக்க அடிபட்டவரே போதும், திட்டியதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வேண்டும் என்ற இந்த விசித்திரத்தை வழக்கறிஞர் சிரிக்காமல் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது.

சி.எஸ்.ஆர். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றா என்ற கேள்விக்கும் தெளிவான பதில் கிடைத்தது. முன்னது மனு பெறப்பட்டதற்கான ஒப்புகை. பின்னது வழக்கின் தொடக்கம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர், பாலியல் குற்றம் போன்ற நுண்ணிய வழக்குகள் நீங்கலாக, காவல்துறை இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது.

அரசு வேலை, பாஸ்போர்ட் பற்றிய கேள்விகளில் ஆறுதல் சொல்லாமல் உண்மையைச் சொன்னார்கள். வழக்கு நிலுவையில் இருப்பதை விண்ணப்பத்தில் மறைப்பதே பல வேளைகளில் வழக்கைவிடப் பெரிய கேடாக முடிகிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் அதைப் பற்றியவை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளிலோ, சந்தேகத்தின் பலனைத் தந்து விடுவிக்கப்பட்டவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். எனக்கு முன் அமர்ந்திருந்த இளைஞர் அதைக் கேட்டு வெகுநேரம் எழவில்லை. இனிப்பான பதிலைச் சொல்லி அனுப்புவது எளிது. அப்படிச் செய்யாததை இந்த மையத்தின் நேர்மைக்குச் சான்றாகக் கொள்கிறேன்.

ஆயுள் தண்டனை பற்றி ஒரு தாய் கேட்டார். பகலையும் இரவையும் தனித்தனி நாளாகக் கணக்கிடுவதால் 14 ஆண்டு 7 ஆண்டாகிவிடும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தக் கணக்கு தமிழ்நாட்டின் எல்லாத் திண்ணைகளிலும் உலவுகிறது. சட்டத்தில் எங்கும் இல்லை. ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதற்குமானது என்று 1961இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில் 14 ஆண்டு என்பது அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்க எண்ணும் முன் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலம் மட்டுமே. ‘அம்மா, யாரும் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஏழு வருடத்தில் எடுத்துவிடுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்’ என்றார் மையத்திலிருந்த பெண் வழக்கறிஞர் ஒருவர். விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்கள், வரம்புடைய சிறைத் தண்டனையிலிருந்து கழிக்கப்படும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

குறைகள் சிறியவை அல்ல. முதலாவது இடம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வது இரகசியம் என்று சாட்சியச் சட்டம் காக்கிறது. இங்கோ, ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கிறார்கள், அவர்களில் எதிர்த்தரப்புக்குத் தெரிந்தவர் இருக்கக்கூடும் என்பதை யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. அடித்தது உண்மையா என்ற கேள்விக்கு என் உறவினர் விழுங்கி விழுங்கிப் பதில் சொன்னார். ஒரு தடுப்புப் பலகையாவது வைக்கலாம்.

இரண்டாவது, வழக்கு தொடங்கிய பின் தகவல் வருவதில்லை. வாய்தா தேதி மாறியதை நாங்களே இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். எங்களுடையது பிணையில் வெளியே இருந்தவரின் வழக்கு என்பதால் அலைச்சலோடு போயிற்று. சிறையில் இருப்பவருக்கு இதே மெத்தனம் ஆபத்தானது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால் நடைமுறைச் சட்டத்தின் 187ஆம் பிரிவின்கீழ் பிணை கேட்பது உரிமை; ஆனால் பிணை நிபந்தனைகளை நிறைவேற்றத் தயார் என்று சொல்லி, குற்றப்பத்திரிகை வரும் முன்பே கேட்க வேண்டும். நாளை எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். பிணை கிடைத்தும் 7 நாளுக்குள் வெளிவராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்திருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களுக்கு அது பெரிய வழி. அதை நிறைவேற்றும் அலுவலகம், தேதி சொல்லும் குறுஞ்செய்தியைக்கூட அனுப்ப முடியாத நிலையில் இருக்கக் கூடாது.

மூன்றாவதுதான் என் முதன்மையான மனக்குறை. மிக அவசரமான கேள்விகள் நீதிமன்ற நேரத்தில் எழுவதில்லை. காவல் நிலையத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி வரும்போதுதான் ‘போகலாமா, போனால் பிடித்து வைத்துவிடுவார்களா, முன்ஜாமீன் போடலாமா’ என்று குடும்பம் தவிக்கிறது. கைதுக்கு முந்தைய நிலையிலேயே சட்ட உதவி சென்று சேர வேண்டும் என்று தேசிய ஆணைக்குழு 2019இலேயே நடைமுறை வகுத்தது. நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்கீழ் காவல்துறையின் அழைப்பாணை வந்து, அதன்படி முன்னிலையானவரைக் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. பெண்களையும் 60 வயதைக் கடந்தோரையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து அழகாக விளக்கும் இந்த மையம், முந்தைய இரவில் பூட்டிக் கிடக்கிறது. அந்த இரவில் சொல்லப்படும் வார்த்தையும், வெற்றுத் தாளில் போடப்படும் கையெழுத்தும்தான் பின்னர் பல மாத வாய்தாவாக நீள்கின்றன.

செலவைப் பொறுத்தவரை யாரும் எங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. நகல் கட்டணமும் கேட்கவில்லை. இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

போக எண்ணுவோர் முதலில் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் தங்கள் தகுதியைக் கேட்டறியலாம். நேரில் செல்லும்போது எஃப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். நகல், காவல் நிலைய அழைப்பாணை இருந்தால் அது, ஆதார், வருமானம் அல்லது சாதிச் சான்றில் பொருந்துவது ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். சம்பவம் நடந்த நாளையும் நேரத்தையும் அங்கிருந்தவர்களின் பெயரையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோனால், அந்தக் கூட்டத்தின் நடுவே எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிராது. வக்காலத்தில் கையெழுத்திடும்போதே வழக்கறிஞரின் கைபேசி எண்ணையும் வழக்கு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாமாக யாரும் தருவதில்லை.